ஜூலையில் வந்தால் பூநாரை கிடைக்குமா? யாழ்ப்பாணத்துக்குப் பறவை பார்க்க வருபவருக்கு ஒரு பதில்

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இவ்வளவுதான்: ரொறன்ரோவிலிருந்து பிள்ளைகளின் பள்ளி விடுமுறைக்கு, ஜூலையில் பத்து நாள் ஊருக்கு வருகிறீர்கள். எழுபது தாண்டிய அம்மாவும் அப்பாவும், பத்தும் பதின்மூன்றும் வயதான இரண்டு பிள்ளைகளும் கூட வருகிறார்கள். ‘மணற்காட்டுப் பாலைவனத்தில் வழிகாட்டியோடு பறவை பார்க்கும் பயணம்’ என்று ஒரு விளம்பரம் கண்டீர்கள். அதில் பூநாரைக் கூட்டத்தின் படம் இருந்தது. காசு கட்டலாமா, மாதத்தை மாற்றுவதா என்று கேட்கிறீர்கள். அந்தப் படத்தில் இருப்பதைப் பிள்ளைகளுக்குக் காட்ட முடியுமா என்பதுதான் உங்கள் உண்மையான கேள்வி என்று எடுத்துக்கொள்கிறேன். நேரான பதில்: ஜூலையில் மணற்காட்டில் அது கிடைக்காது. பூநாரைக்கு வேண்டியது ஆழங்குறைந்த உப்புத்தண்ணீரும் சேறும். மணல் மேட்டில் அதற்கு வேலை இல்லை. ஆனால் ஜூலையில் பார்க்க எதுவுமே இல்லை என்று சொல்வதும் பிழை. உங்கள் திகதிகளைக் கொஞ்சம் தள்ள முடிந்தால் நிலைமை நன்றாகவே மாறும்.

முதலில் அந்தப் ‘பாலைவனம்’. மணற்காடு வடமராட்சிக் கரையில் வல்லிபுரத்தை அடுத்துக் கிடக்கும் மணல் மேடுகள். மண்ணுக்குள் பாதி புதைந்து நிற்கும் பழைய அந்தோனியார் தேவாலயச் சுவர்களைப் பார்த்தால் யாருக்கும் பாலைவனம் என்றுதான் சொல்லத் தோன்றும். மழைக் கணக்கு அப்படிச் சொல்லவில்லை. ஆண்டுக்கு 250 மில்லிமீற்றருக்கும் குறைவாக மழை பெறும் நிலத்தையே பொதுவாகப் பாலைவனம் என்பார்கள். யாழ்ப்பாணத்துக்கு ஏறத்தாழ 1,250 மில்லிமீற்றர் கிடைக்கிறது. அதில் பெரும்பங்கு ஒக்டோபருக்கும் டிசெம்பருக்கும் இடையில் கொட்டித் தீர்ந்துவிடும். மிச்ச மாதங்களில் வெயிலும் காற்றும்தான். கீழே தண்ணீரைப் பிடித்து வைக்காத மணலும் சுண்ணக்கல்லும். ஆகவே இந்த நிலம் ஆண்டின் பெரும்பகுதி வறண்டு கிடந்து, சில மாதம் குளமாகிவிடுகிறது. மன்னார் இன்னும் வறண்டது. பறவைகளின் வரவும் போக்கும் இந்த இரண்டு நிலைக்கும் இடையில்தான் நடக்கிறது.

பயண விளம்பரங்கள் மாதத்தைச் சொல்லி வாக்குக் கொடுக்கின்றன. களத்தில் முதலில் பார்க்க வேண்டியது தண்ணீரின் ஆழம். பூநாரை தலையைக் கீழாகக் கவிழ்த்து, அலகின் மேற்பாதி நிலத்தைப் பார்க்க, சேற்றுத் தண்ணீரை உள்ளிழுத்து வடித்து உண்ணும். அதன் காலின் பாதி நனையும் ஆழம் அதற்கு வசதி. சேற்றில் இரை தேடும் கரைப்பறவைகளான சின்ன உள்ளான்களுக்கு அந்த ஆழமே ஆகாது. தண்ணீர் வற்றி மினுங்கும் ஈரச்சேறு வேண்டும். ஊசிவால், நீலச்சிறகி போன்ற வாத்துகளுக்கு நீந்துமளவு தண்ணீர் வேண்டும். நம் பரவைக்கடலின், அதாவது கரையோர ஆழங்குறைந்த நீரேரியின், தரை மேசை போலத் தட்டை. வற்றுக்கும் பெருக்குக்கும் வித்தியாசம் அரை மீற்றர் அளவுதான் என்றாலும், ஒரு சாண் தண்ணீர் இறங்கினால் நூற்றுக்கணக்கான மீற்றர் சேறு வெளிப்படும். அதோடு காற்று சேர்ந்தால் கணக்கே மாறும். சோளகம் என்ற தென்மேற்குக் காற்று இரண்டு நாள் விடாமல் அடித்தால் ஒரு கரையில் தண்ணீர் ஏறி மற்றக் கரை வெளிக்கும். நேற்று ஆயிரம் பறவை நின்ற இடத்தில் இன்று பத்து நிற்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். பறவைகள் ஊரை விட்டுப் போகவில்லை, நாலு கிலோமீற்றர் தள்ளி நிற்கின்றன.

சுண்டிக்குளத்தை எடுங்கள். 1938 இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, 2015 இல் தேசியப் பூங்காவான இடம். இரணைமடுக் குளம் நிரம்பி வான் கதவுகள் திறந்தால், அந்தத் தண்ணீர் கனகராயன் ஆற்றால் வந்து சுண்டிக்குளக் கடனீரேரியில் விழுகிறது. மட்டம் ஏறும், உப்பு குறையும், சேற்று விளிம்பு மூழ்கும். வாத்துகளுக்கு அது நல்ல காலம். பூநாரைக்கும் உள்ளானுக்கும் அல்ல. கதவுகளை மூடி, வெயில் திரும்பி, கரையில் மீண்டும் சேறு தெரிய வாரக்கணக்கில் எடுக்கும். எனவே ஜனவரியில் சுண்டிக்குளம் போக நினைப்பவர் இரணைமடுவின் வான் கதவு கடைசியாக எப்போது திறந்தது என்ற செய்தியைத் தேடிப் பார்ப்பது நல்லது. ‘ஜனவரி என்றால் பூநாரை’ என்று சொல்லி அழைத்துப் போகும் வழிகாட்டிக்கு இந்த விடயம் தெரியாவிட்டால், நீங்கள் பார்ப்பது விரிந்த தண்ணீரை மட்டும்தான்.

இனி ஆண்டின் ஓட்டம். ஓகஸ்டின் பிற்பாதியில் வடக்கிலிருந்து முதல் உள்ளான்கள் வந்து இறங்கும். செப்டெம்பர், ஒக்டோபரில் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகும். கோடை முடிவு என்பதால் பரவைக்கடல் வற்றி, சேறு நிறைய வெளியே கிடக்கும் நேரம் அது. கல்லுண்டாய் வெளி, அராலிப் பக்கம், பொன்னாலைப் பாலம், நாவற்குழி, எல்லாமே பார்க்கத் தகுந்தவை. ஒக்டோபரில் வீட்டு வளவுக்குள்ளேயே ஆறுமணிக் குருவி வந்து வேலியோரச் சருகைக் கிளறும். வந்து இறங்கும் நாட்களில் களைத்துப்போய்க் கண்ணாடி யன்னலில் மோதி விழுவதும் உண்டு. அப்படி விழுந்ததைக் கண்டால் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழலுக்குள் போய்விடும். காற்றோட்டத் துளையிட்ட அட்டைப் பெட்டியில் இருட்டாக ஒரு மணி நேரம் வைத்து, பூனை இல்லாத மூலையில் பெட்டியைத் திறந்து வைத்தால் பெரும்பாலும் தானாக எழும்பிப் போய்விடும்.

நவம்பரும் டிசெம்பரின் முற்பாதியும் மாரியின் உச்சம். பறவை குறைவில்லை, ஆனால் எங்கும் தண்ணீர் என்பதால் அவை வயலுக்கும் குட்டைக்குமாகச் சிதறிவிடும். மண் பாதைகளில் வாகனம் புதையும். புயல் வரும் மாதமும் இதுதான். 2008 நவம்பரில் வந்த நிஷா குடாநாட்டை என்ன செய்தது என்பது உங்கள் பெற்றோருக்கு நினைவிருக்கும். காசு கட்டிப் பயணம் ஒழுங்கு செய்ய நான் சொல்லாத காலம் இது ஒன்றுதான்.

ஜனவரி நடுவிலிருந்து பெப்ரவரி முடியும் வரையே உச்சக் காலம். மழை ஓய்ந்து, தண்ணீர் மெல்ல இறங்கத் தொடங்கி, ஒவ்வொரு நாளும் புதிய சேற்று விளிம்பு பிறக்கும். ஒவ்வொரு ஆழத்துக்கும் உரிய பறவை ஒரே இடத்தில் வரிசை வரிசையாக நிற்பதை இந்த நாட்களில் பார்க்கலாம். கரையோரம் சின்ன உள்ளான்கள், அடுத்துப் பவளக்கால் உள்ளான், அதற்கப்பால் மஞ்சள் மூக்கு நாரையும் கரண்டிவாயனும், தூரத்தில் பூநாரை, ஆழமான இடத்தில் வாத்துகள். ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு ஆண்டுதோறும் ஜனவரியில் நடப்பதும் இடம்பெயரும் பறவைகள் அந்த மாதத்தில்தான் ஓரளவு நிலைகொண்டு நிற்கும் என்பதால். சரசாலைக் குருவிக்காடு, தொண்டைமானாறு, பண்ணைப் பாலம் எல்லாம் காலை ஒவ்வொன்றாகப் பார்க்கக் கூடியவை. மன்னாரில் வங்காலை. 2008 இல் சரணாலயமாகி 2010 இல் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ராம்சார் ஈரநிலமான இடம், 4,839 ஹெக்டயர். ஒரு பருவத்தில் 20,000க்கு மேற்பட்ட நீர்ப்பறவைகளைத் தாங்கும் நிலம் என்பதே அந்தத் தகுதிக்கு ஒரு காரணம்.

மார்ச், ஏப்ரல் மாதங்களைப் பலர் தவறவிடுகிறார்கள். குளிர்காலம் முழுவதும் சாம்பலும் வெள்ளையுமாக, ஒன்றை மற்றொன்றிலிருந்து பிரித்தறிய முடியாமல் நின்ற உள்ளான்கள் இப்போது வண்ணம் மாறும். வளைந்த அலகு உள்ளானின் மார்பு செங்கல் நிறமாகும். மணற்பரப்பில் ஓடும் சின்னக் கரைப்பறவையான பிளவரின் மார்பில் செம்பட்டை விழும். வடக்கே ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் பறக்கக் கொழுப்புச் சேர்க்கும் காலம் என்பதால் பகல் முழுவதும் தின்றபடியே இருக்கும். மன்னாரில் குளிர்காலத்தைக் கழிக்கும் ஹியூக்ளின் கடற்காகங்கள் ரஷ்யாவின் ஆர்க்டிக் கரை வரை திரும்பிப் போவதைக் கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் செய்மதிக் கருவி பூட்டியே கண்டார்கள். அப்படிப் போகிற பறவையின் கடைசித் தீனி மேசை நம் சேறு. இந்த மாதங்களில் ஒரு கூட்டத்தை வீணாக எழுப்பிப் பறக்கவிடுவது, நெடும்பயணம் போகிறவன் கட்டி வைத்த சோற்றைத் தட்டிக் கொட்டுவதற்குச் சமம்.

உங்கள் பிள்ளைகளுக்கு மார்ச் நடுவில் ஒரு வார விடுமுறை உண்டு. பறவைதான் முதன்மை என்றால் அந்த வாரத்துக்கே வாருங்கள். தண்ணீர் இறங்கியிருக்கும், பாதை காய்ந்திருக்கும், பறவைகள் இன்னும் போயிருக்காது. நத்தார் விடுமுறை அந்தளவுக்கு நல்லதல்ல, மழை இழுத்தடிக்கக்கூடும். கோடை விடுமுறைதான் முடியும் என்றால் ஜூலை தொடக்கத்தை விட்டு ஓகஸ்டின் கடைசி இரண்டு வாரத்துக்குத் தள்ளுங்கள். திரும்பி வரும் முதல் உள்ளான்கள் கோடைச் செந்நிறத்தின் மிச்சத்தோடு வந்திருக்கும். தரையில் கூடுகட்டும் பறவைகளின் குஞ்சுகளும் பெரும்பாலும் ஓடப் பழகியிருக்கும்.

இனி ஜூலை. மேலே சொன்ன ஈரநிலக் காட்சிகள் எல்லாம் மறைந்து, வறள்நிலத்தின் சொந்தக்காரர்கள் மட்டும் நிற்கும் மாதம். கௌதாரியையே எடுங்கள். தென்னிலங்கையில் இருந்து வரும் பறவை ஆர்வலர்கள் அதைப் பார்க்க வடக்குக்கும் வடமேற்குக் கரைக்கும்தான் வர வேண்டும். கரிச்சான், அதாவது முழுக் கறுப்பு இரட்டைவால் குருவி, நம் மாட்டின் முதுகில் சர்வசாதாரணமாகக் குந்தியிருக்கிறது. இலங்கையின் பெரும்பகுதியில் வயிறு வெளுத்த அதன் உறவினனைத்தான் காணலாம். முழுக் கறுப்பு வடக்கின் சொத்து. பனங்காடை, வானம்பாடி, பனை உழவாரன் எல்லாம் மணற்காட்டைச் சுற்றிக் கிடைக்கும். பனை உழவாரனைப் பிள்ளைகளுக்குக் கட்டாயம் காட்டுங்கள். தொங்கும் காவோலையின் மடிப்புக்குள், இறகையும் பஞ்சையும் தன் எச்சிலால் ஒட்டிக் கட்டிய, உள்ளங்கையில் பாதி கூட வராத கூடு. சோளகத்தில் ஓலை சடசடவென்று அடிக்க, அந்தச் சின்ன உருவம் அரிவாள் போன்ற செட்டையோடு நேரே ஓலைக்குள் பாய்ந்து ஒட்டிக்கொள்ளும். காவோலையை முழுக்க வெட்டித் துப்புரவாக்கிய பனையில் இதைக் காண முடியாது. வளவுப் பனையில் பறவை போய்வருவது தெரிந்தால், குஞ்சு பறக்கும் வரை வெட்டை ஒத்திப் போடச் சொல்லுங்கள்.

ஜூலையில் ஒரு பொறுப்பும் இருக்கிறது. ஆக்காட்டி, ஆலா என்ற கடற்பறவை, சின்னப் பிளவர்கள் எல்லாம் தரையிலேயே முட்டையிடுபவை, வறண்ட மாதங்களில் குஞ்சு பொரிப்பவை. இவற்றில் அனுமன் பிளவர் நமக்குச் சிறப்பு. கென்டிஷ் பிளவர் என்ற இனத்தின் ஒரு பிரிவாகக் கருதப்பட்டு வந்தது, 2023 இல் தனி இனமாக மீண்டும் நிறுவப்பட்டது. இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் வாழ்வது. மணலில் ஒரு சிறு குழி, அதில் மணல் நிறத்திலேயே இரண்டு மூன்று முட்டை, அவ்வளவுதான் கூடு. ஒரு முழத்துக்குள் நின்றாலும் கண்ணுக்குத் தெரியாது. இந்தப் பறவைகள் முட்டையின் மேல் இருப்பது வெயில் நேரத்தில் சூடாக்க அல்ல, நிழல் கொடுக்க. ஆக்காட்டி தண்ணீரில் வயிற்று இறகை நனைத்து வந்து முட்டையைக் குளிர்விக்கும். நீங்கள் படம் எடுக்கப் பத்து நிமிடம் அருகில் நின்றால் தாய் பத்து நிமிடம் விலகி நிற்கும். உச்சிவெயில் மணலில் முட்டை கெட அவ்வளவு போதும். ஆட்களைப் பின்தொடரும் காகமும் ஊர் நாயும் உங்கள் கால்தடத்திலேயே வந்து மிச்சத்தை முடித்துவிடும். ஆக்காட்டி தலைக்கு மேல் வட்டமிட்டுக் கத்தினால், அல்லது ஒரு சின்னப் பறவை செட்டை முறிந்ததுபோல் முன்னால் இழுத்து இழுத்து ஓடினால், நீங்கள் கூட்டுக்குப் பக்கத்தில் நிற்கிறீர்கள். வந்த வழியே, வைத்த அடியிலேயே அடி வைத்துத் திரும்புங்கள். கூட்டைத் தேடிக் காட்டுகிற வழிகாட்டி நல்ல வழிகாட்டி இல்லை. அதேபோல ஆதாம் பாலத்து மணல் திட்டுகளுக்கு வள்ளத்தில் கூட்டிப் போகிறேன் என்று யாரும் இந்த மாதங்களில் சொன்னால் மறுத்துவிடுங்கள். ஆலாக்கள் கூட்டமாகக் கூடு வைக்கும் திட்டுகள் அவை, தேசியப் பூங்காவுக்கு உட்பட்டவை, அனுமதியின்றி இறங்கக் கூடாத இடமும் கூட.

மணற்காட்டுக் காலை எப்படி அமைய வேண்டும் என்பதைச் சற்று விரித்துச் சொல்கிறேன். ஜூலையில் சூரியன் 6 மணிக்கு முன்பின்னாக எழும். 5.45க்கு மணலோரம் நிற்க வேண்டும், 8.30க்குத் திரும்பிவிட வேண்டும். முதல் அரை மணி நேரம் பறவையைத் தேட வேண்டாம், தடத்தைப் பாருங்கள். இரவுக் காற்று மணலை அழித்து எழுதி வைத்திருக்கும். அதன் மேல் கௌதாரியின் மூன்று விரல் தடம் கோடாகப் போகும், முயலின் குதிப்பு நாலு நாலாகத் தெரியும், ஆக்காட்டி நின்று திரும்பிய இடம் தெரியும். பிள்ளைகள் இதில் பெரியவர்களை விடக் கெட்டிக்காரர்கள். 8.30க்குப் பிறகு காற்று ஏறி மணல் பறக்கும். தொலைநோக்கியின் கண்ணாடியில் மணல் ஒட்டினால் துணியால் துடைக்கவே கூடாது, கீறிவிடும்; ஊதி அல்லது மெல்லிய தூரிகையால் தட்டிவிட்டுப் பிறகே துடைக்க வேண்டும். நெருஞ்சியும் உடைமுள்ளும் இருப்பதால் செருப்புப் போதாது, மூடிய சப்பாத்து வேண்டும். ஆளுக்கு ஒன்றரை முதல் இரண்டு லீற்றர் தண்ணீர். நிழல் இல்லை, கழிப்பறை இல்லை. பெற்றோருக்கு இதை முன்கூட்டியே சொல்லுங்கள்.

தொலைநோக்கி வாங்கவோ இரவல் வாங்கவோ போகிறீர்கள் என்றால் 8 மடங்கு பெரிதாக்கும் 8×42 போதும். 10 மடங்கு என்றால் பெரிதாகத் தெரியும், ஆனால் சோளகத்தில் கை நடுக்கமும் பத்து மடங்காகும். பாவிக்க முன் சரிசெய்யும் முறை: வலக்கண்ணை மூடி, நடுச் சக்கரத்தால் இடக்கண்ணுக்குத் தெளிவாக்குங்கள், பிறகு இடக்கண்ணை மூடி, வலப்பக்க வளையத்தை மட்டும் திருப்பி அதே பொருளைத் தெளிவாக்குங்கள். அதன்பின் நடுச் சக்கரம் மட்டும் போதும். இதைச் செய்யாததால்தான் பலர் ‘மங்கலாகத் தெரியுது’ என்று பத்து நிமிடத்தில் கழற்றி வைத்துவிடுகிறார்கள். முக்காலியில் பூட்டும் பெரிய தொலைநோக்கியை வழிகாட்டி கொண்டுவர வேண்டும். பரவைக்கடலில் அது இல்லாவிட்டால் தூரத்துப் பூநாரை வெறும் வெள்ளைக் கோடு. ஆனால் 9 மணிக்குப் பிறகு கானல் எழும்பி, எவ்வளவு விலையான கண்ணாடியிலும் 40 மடங்குக்கு மேல் எல்லாம் நெளியும். அப்போது மடங்கைக் குறைப்பதே வழி. காற்று அடித்தால் முக்காலியின் கால்களை முழுக்க நீட்டாமல், வாகனத்துக்கு ஒதுக்குப்புறமாக நிலத்தில் இருந்தபடி பாருங்கள்.

ஒளியையும் கணக்கில் எடுங்கள். பண்ணைப் பாலமும் பொன்னாலைப் பாலமும் ஏறத்தாழ மேற்கு நோக்கிப் போகின்றன. காலையில் யாழ்ப்பாணப் பக்கமிருந்து மேற்கே போனால் சூரியன் முதுகுக்குப் பின்னால், நிறம் தெரியும். அதே பாதையை மாலையில் அதே திசையில் போனால் எல்லாம் கறுப்பு நிழலுருவம்தான். மாலை என்றால் தீவுப் பக்கம் முதலில் போய், திரும்பி வரும் வழியில் பாருங்கள். வாகனத்தை ஓரம் நிறுத்தி, இயந்திரத்தை அணைத்து, உள்ளேயே இருந்து பார்ப்பதுதான் இந்தப் பாலங்களில் மிகச் சிறந்த முறை. வாகனத்தைப் பறவை பொருட்படுத்தாது. கதவைத் திறந்து ஒரு ஆள் இறங்கினால் உடனே விலகும். உங்கள் அம்மா, அப்பாவுக்கு இதைவிட வசதியான பறவை பார்த்தல் கிடையாது, ஒரு அடி நடக்கத் தேவையில்லை. கடற்படை, இராணுவ முகாம்களின் பக்கம் பெரிய லென்ஸைத் திருப்பாதீர்கள். ட்ரோன் பறக்கவிடச் சிவில் விமான அதிகார சபையின் அனுமதி வேண்டும்; பறவைக் கூட்டத்துக்கு மேல் அனுமதி இருந்தாலும் பறக்கவிட வேண்டாம்.

மார்ச்சில் வந்து பூநாரை கிடைத்தால், எவ்வளவு அருகில் போகலாம் என்று மீற்றரில் சொல்ல முடியாது; பறவையே சொல்லும். கூட்டம் அமைதியாக உண்ணும்போது எல்லாத் தலையும் தண்ணீருக்குள். நீங்கள் நெருங்க நெருங்க ஒன்றிரண்டு கழுத்து நிமிரும். அது முதல் எச்சரிக்கை, அங்கேயே நில்லுங்கள். பாதிக் கழுத்துகள் நிமிர்ந்து, எல்லாம் ஒரே திசையில் நடக்கத் தொடங்கினால் நீங்கள் ஏற்கெனவே மிஞ்சிவிட்டீர்கள். நாலு அடி பின்வாங்கினால் பெரும்பாலும் மீண்டும் தலையைக் கவிழ்க்கும். சிறகை விரித்துப் பறக்கும் இளஞ்சிவப்புப் படத்துக்காகக் கை தட்டியும் கல்லெறிந்தும் எழுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். வழிகாட்டி அப்படிச் செய்தால் உடனே நிறுத்தச் சொல்லுங்கள். கூட்டத்தில் சாம்பல் கலந்த மண்ணிறமாக நிற்பவை வேறு இனம் அல்ல, இளம் பறவைகள். இளஞ்சிவப்பு, உண்ணும் தீனியிலிருந்து ஆண்டுக்கணக்கில் ஏறும் நிறம்.

எதை நம்பலாம், எதை நம்பக் கூடாது என்று பிரித்துச் சொல்கிறேன். கௌதாரி, கரிச்சான், பனங்காடை, ஆக்காட்டி, பனை உழவாரன் ஆகியவற்றை எந்த மாதமும் இரண்டு மூன்று காலையில் பார்த்துவிடலாம். ஜனவரி முதல் மார்ச் வரை உள்ளான்கள், வாத்துகள், நாரைகள் நிச்சயம். பூநாரை அந்த மாதங்களில் வர வாய்ப்பு நன்று, ஆனால் எந்த நீரேரியில் என்பது அந்த வாரத்துத் தண்ணீர் முடிவு செய்வது. குறிப்பிட்ட இடம், குறிப்பிட்ட நாள், குறிப்பிட்ட எண்ணிக்கை என்று வாக்குக் கொடுப்பவரை நம்ப வேண்டாம். ஜூலையில் ஊருக்குத் திரும்பாமல் தங்கிவிட்ட சில இளம் பூநாரைகள் மன்னாரில் நிற்கலாம், அதைக் கூடுதல் அதிர்ஷ்டமாக எடுங்கள். மன்னாரின் கட்டைப்புல் வெளிகளில் ஓடி நின்று ஓடும் இந்தியன் கோர்சர், நண்டை அடித்துத் தின்னும் தடித்த அலகுள்ள கறுப்பு வெள்ளைக் கிராப் பிளவர், இரண்டும் அரிதானவை. அவற்றை மட்டும் நம்பிப் பயணம் கட்டக் கூடாது.

பாதுகாப்பில் ஒரே ஒரு விடயத்தைக் கடுமையாகச் சொல்ல வேண்டும். ஆனையிறவு, முகமாலை, சுண்டிக்குளம் பக்கமெல்லாம் போர் நடந்த நிலம். கண்ணிவெடி அகற்றும் வேலை ஆண்டுக்கணக்கில் நடந்து வருகிறது. மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை, சிவப்புத் தடி, கட்டிய நாடா கண்டால் அதற்கப்பால் ஒரு அடியும் வைக்க வேண்டாம். பலகை இல்லாத இடத்திலும் வாகனத் தடம், மாட்டுத் தடம் உள்ள வழியை விட்டுப் பற்றைக்குள் இறங்காதீர்கள். பறவையைத் தொடர்ந்து ஓடும் பத்து வயதுப் பிள்ளைக்கு இதை முதல் நாளே உட்கார்த்தி வைத்துச் சொல்லுங்கள். சுண்டிக்குளம் தேசியப் பூங்கா என்பதால் வனசீவராசிகள் திணைக்களத்திடம் முன்கூட்டிக் கேட்டுவிட்டுப் போவது முறை. உங்களிடம் வெளிநாட்டுக் கடவுச்சீட்டு என்றால் பூங்காக்களில் நுழைவுக் கட்டணம் வேறு. பெற்றோர் இலங்கை அடையாள அட்டையைக் கொண்டுவரட்டும்.

இத்தனையும் தெரிந்த பிறகு, ஜூலையில்தான் வருகிறீர்கள் என்றால் பத்து நாளில் நான்கு காலை போதும். ஒரு காலை மணற்காடும் வல்லிபுரமும், திரும்பும் வழியில் தொண்டைமானாறு. இடையில் ஒரு நாள் ஓய்வு. அடுத்த காலை வாகனத்துக்குள் இருந்தபடி பண்ணை, அராலி, பொன்னாலை. பிறகு சங்குப்பிட்டிப் பாலத்தால் பூநகரி வழியாக மன்னாருக்குப் போய் இரண்டு இரவு; ஒரு காலை தள்ளாடியும் வங்காலையும், மறுகாலை தலைமன்னார்ப் பக்கம். மன்னாரை ஒரே நாளில் போய்த் திரும்பினால் நல்ல வெளிச்சம் முழுவதும் பாதையில் போய்விடும். நெடுந்தீவை இந்த மாதம் பறவைக்காகச் சேர்க்க வேண்டாம். குறிகட்டுவானில் இருந்து போகும் படகு சோளகத்தில் ஆடும் ஆட்டம் வயதானவர்களுக்கு ஆகாது.

காசு பற்றிக் கேட்டீர்கள். தொகையை விட, அது எதை உள்ளடக்குகிறது என்று கேளுங்கள். முக்காலித் தொலைநோக்கி உண்டா, ஒரு கருவிக்கு எத்தனை பேர், வாகன வாடகையும் நுழைவுக் கட்டணமும் உள்ளேயா வெளியேயா. ஒரு கருவிக்கு ஆறு பேருக்கு மேல் என்றால் பிள்ளைகள் வரிசையில் நிற்பதோடு காலை முடிந்துவிடும். கைபேசியில் பறவைக் குரலை ஒலிக்கவிட்டு அழைப்பாரா என்றும் கேளுங்கள். கூடு கட்டும் மாதத்தில் ‘ஓம்’ என்றால் வேண்டாம். விளம்பரத்துப் படம் எந்த இடத்தில், எந்த மாதம் எடுத்தது என்று கேளுங்கள், நேர்மையானவர் சொல்லிவிடுவார். முற்பணம் கட்டுவதற்கு முன், போக இருக்கும் நாளுக்கு முதல் நாள் மாலை இடத்தை மாற்றலாமா என்பதையும் பேசி வையுங்கள். அந்த மாலை அழைத்து, ‘இண்டைக்குத் தண்ணி எந்தப் பக்கம் நிக்குது?’ என்று கேளுங்கள். பரவைக்கடலில் களங்கட்டி என்ற மீன்பிடிப் பொறி வைக்கும் மீனவர் ஒருவரிடம் அன்றே விசாரித்திருந்தால் இடத்தின் பெயரோடு பதில் வரும். வராவிட்டால், அடுத்த நாள் விடிய நீங்களே வாகனத்தை எடுத்துக்கொண்டு பண்ணைப் பாலத்துக்குப் போங்கள்.